விளைவு காத்த வித்தகர் - நிக்கோலா ஆப்பேர்

வீட்டின் பின்புறத்தில் நாலு பாத்தி கட்டிக் காய்கறி பயிரிடும் எவரும் ஒரு சங்கடத்தை அறிவர். விதையிட்டு, நீர் பாய்ச்சி, களை பறித்து, ஒரு காயேனும் கண்ணிற் படாதா என்று ஏங்கியிருந்த நாட்கள் கழியும். பருவம் வந்ததும் கொடி தாங்காத காய்ப்பு வந்து சேரும். வீட்டார் உண்டது போக மிகும். அண்டை அயலார்க்குக் கொடுத்தது போகவும் மிகும். மிகுந்தது இரண்டு நாளில் வாடும். நாலு நாளில் முற்றும். ஒரு வாரத்தில் அழுகும். அதன் பின்னர் நெடுநாள் அதே தோட்டத்தில் ஒரு பிடி காயும் கிடைப்பதில்லை.

குளிர் நாடுகளில் இத்துன்பம் இன்னும் கொடிது. ஐரோப்பாவின் வடபகுதிகளில் மே, ஜூன் திங்கள்களில் பட்டாணியும், அதனை அடுத்து அவரையும் பிறவும் குவியும். நவம்பர் வந்ததும் தோட்டம் வெறுமையாகும். மண்ணே உறைந்து கல்லாகும். கோடையில் குப்பையில் கொட்டிய காய்க்காகக் குளிர்காலத்தில் மக்கள் ஏங்குவர். பண்டைநாள் முதல் மாந்தர் இதற்குச் சில வழிகளைக் கண்டிருந்தனர். வெயிலில் உலர்த்தி வற்றலாக்கினர். உப்பிலும் காடியிலும் ஊறவைத்தனர். சர்க்கரைப் பாகில் இட்டனர். இறைச்சியைப் புகையில் தொங்கவிட்டனர். இவையெல்லாம் நல்ல வழிகளே. ஆனால் இவை பொருளைக் காத்தனவேயன்றி அதன் இயல்பைக் காக்கவில்லை. உலர்ந்த பட்டாணியும் பட்டாணிதான். எனினும், அன்று கொடியிற் பறித்த பசும்பட்டாணியின் மணமும் மென்மையும் அதில் இல்லை. காயைக் காயாகவே ஆண்டுக் கணக்கில் வைத்திருத்தல் இயலுமா? இவ்வினாவிற்கு விடை கண்டவர் அறிவியற் கழகத்தில் வீற்றிருந்த பேரறிஞர் அல்லர், ஒரு சமையற்காரர்.

பிரெஞ்சு நாட்டின் வடகிழக்கே ஷாம்பெயின் என்னும் மாநிலம் இருந்தது. அங்கே மார்ன் ஆற்றங்கரையில் அமைந்த ஷாலோன் நகரில் 1749-ஆம் ஆண்டு நவம்பர்த் திங்கள் 17-ஆம் நாள் நிக்கோலா ஆப்பேர் பிறந்தார். நூல்கள் பலவும் அவர் பெயரைப் பிரான்சுவா என்றே நெடுங்காலம் பிழைபட எழுதி வந்தன. பிற்கால ஆராய்ச்சியாளர் பழைய பதிவேடுகளைத் துருவிப் பார்த்தே அப்பிழையைத் திருத்தினர். உலகமெல்லாம் பயன் கொண்ட ஒருவரின் பெயரைக்கூட உலகம் சரியாக நினைவிற் கொள்ளவில்லை.

ஆப்பேரின் தந்தையார் பயணிகள் தங்கும் விடுதி நடத்தி வந்தார். விடுதியின் அடுக்களையும், நிலத்தடிச் சரக்கறையுமே சிறுவர் நிக்கோலாவுக்குப் பள்ளியாயின. ஊறுகாய் இடுதல், இறைச்சிக்கு உப்பிடுதல், பீர் மது வடித்தல் ஆகிய தொழில்களை அங்கே அவர் கையாற் செய்து பழகினார். ஷாம்பெயின் மாநிலம் நுரைத்தெழும் மதுவிற்குப் பெயர் பெற்றது. அம்மது புட்டியினுள்ளே மிகுந்த அழுத்தத்தோடு இருக்கும். புட்டி தடித்ததாகவும், தக்கை இறுக்கமானதாகவும் இராவிடில் வெடித்துச் சிதறும். ஆதலின் புட்டியைத் தேர்தலும், தக்கையை அடித்து இறுக்குதலும், கம்பியாற் கட்டுதலும் அந்நாட்டார்க்குக் கைவந்த கலை. இளமையிற் கண்ட இவ்வித்தை பின்னாளில் அவருக்குப் பெருந்துணையாயிற்று.

1772-ஆம் ஆண்டில் அவர் ஸ்வைப்ரூக்கன் என்னும் ஜெர்மானியச் சிற்றரசின் கோமகனிடம் சமையல் தலைவராக அமர்ந்தார். கோமகன் 1775-இல் மறைந்த பின்னர் ஃபோர்பாக் சீமாட்டியின் மாளிகையில் அப்பணியைத் தொடர்ந்தார். இவ்வாறு பன்னிரண்டு ஆண்டுகள் கழிந்தன. 1784-இல் பாரிசு நகரம் சென்று, லொம்பார் தெருவில் தின்பண்டக் கடை ஒன்று தொடங்கினார். மறு ஆண்டில் எலிசபெத் பெனுவா என்னும் பெண்மணியை மணந்தார்.

கடை நன்கு நடந்தது. பழங்களைச் சர்க்கரைப் பாகிலிட்டு விற்பது அக்கடையின் தொழில்களுள் ஒன்று. நாள்தோறும் இத்தொழிலைச் செய்து வந்த ஆப்பேருக்கு இதில் ஒரு குறை தோன்றிக்கொண்டே இருந்தது. சர்க்கரை பழத்தைக் கெடாமற் காக்கிறது. ஆனால் பழத்தின் சுவையைத் தன் சுவையால் மூடிவிடுகிறது. உப்பு இறைச்சியைக் காக்கிறது. ஆனால் அதனைக் கடுமையாக்கி விடுகிறது. உலர்த்தினாலோ மணம் போய்விடுகிறது. மேலும், சர்க்கரை கடல் கடந்து வரும் பொருள், விலை மிகுந்தது, ஏழைக் குடும்பத்தார் அதைக் கொண்டு தம் தோட்டத்துப் பழங்களைக் காத்தல் கனவிலும் இயலாது. செலவு குறைந்ததாகவும், பொருளின் இயல்பை மாற்றாததாகவும் ஒரு வழி வேண்டும் என்னும் எண்ணம் அவர் உள்ளத்தில் வேரூன்றியது.

இந்நிலையில் 1789-இல் பிரெஞ்சுப் புரட்சி வெடித்தது. ஆப்பேர் புரட்சியை உவந்து வரவேற்றார். தம் பகுதி மக்கள் மன்றத்தில் முன்னின்று உழைத்தார். அதன் தலைவராகவும் விளங்கினார். ஆனால் புரட்சி தன் மக்களையே விழுங்கத் தொடங்கிய காலம் விரைவில் வந்தது. 1794-ஆம் ஆண்டு ஏப்ரல் திங்களில் ஆப்பேர் ஐயத்தின் பேரிற் சிறைப்பட்டார். அந்நாளில் சிறைக்குச் சென்றவர் பலர் கொலைக்களத்திற்கே சென்றனர். ஜூலைத் திங்களில் ரோபெஸ்பியர் வீழ்ந்தமையால் ஆப்பேரின் தலை தப்பியது. சிறையினின்று மீண்ட அவர் அரசியல் ஆரவாரத்தினின்று விலகி, தம் உள்ளத்தில் நெடுநாள் கிடந்த வினாவை நோக்கித் திரும்பினார். அப்பொழுது அவருக்கு வயது ஏறத்தாழ நாற்பத்தைந்து. புதிதாக ஒன்றைத் தொடங்க இளமை போய்விட்டதே என்று பலர் சோரும் வயது அது.

பாரிசுக்கு அண்மையிலுள்ள இவ்ரி என்னும் ஊரில் 1795-இல் அவர் ஆய்வைத் தொடங்கினார். ஆய்வுக்கூடம் என்றதும் பளபளக்கும் கருவிகளை எண்ணிவிடலாகாது. ஒரு கொப்பரை, ஓர் அடுப்பு, சில கண்ணாடிப் புட்டிகள், தக்கைகள் ஆகிய இவையே அவருடைய கருவிகள். காயையோ பழத்தையோ இறைச்சிச் சாற்றையோ புட்டியில் இடுவார். தக்கையை இறுக அடைப்பார். புட்டியை நீருள்ள கொப்பரையில் இறக்கி அந்நீரைக் கொதிக்க வைப்பார். குறித்த நேரம் கழிந்ததும் எடுத்து வைப்பார். பின்பு பல வாரம், பல திங்கள் காத்திருந்து திறந்து பார்ப்பார்.

சொல்லும்பொழுது இஃது எளிதாகத் தோன்றுகிறது. செய்யும்பொழுது ஒவ்வொரு படியிலும் இடர் நின்றது. சாதாரணப் புட்டியின் கழுத்து குறுகலாக இருந்தமையால் காய்கள் உட்செல்லவில்லை. ஆதலின் அகன்ற வாயுடைய புட்டிகளைத் தனியே செய்வித்தார். அகன்ற வாய்க்கு ஏற்ற பெரிய தக்கை ஒரே துண்டாகக் கிடைப்பதரிது; கிடைத்தாலும் அதிலுள்ள நுண்துளைகளின் வழியே காற்று நுழைந்தது. எனவே தக்கைத் துண்டுகள் சிலவற்றை, துளைகள் குறுக்காக அமையுமாறு திருப்பி வைத்து, மீன்பசையால் ஒட்டிப் புதுவகைத் தக்கையைச் செய்தார். சுண்ணாம்பையும் பாலேட்டுக் கட்டியையும் பிசைந்த சாந்தினால் வாயைப் பூசினார். இளமையிற் கற்றபடியே கம்பியாற் கட்டினார். புட்டியை முழுதும் நிரப்பினால் கொதிக்கும்பொழுது உள்ளிருப்பது விரிந்து புட்டியை உடைக்கும். ஆதலின் மேலே சிறிது இடம் விட்டார். கொதிநீரில் புட்டிகள் ஒன்றோடொன்று மோதி உடைந்தன. ஆதலின் ஒவ்வொன்றையும் முரட்டுத் துணிப்பையில் இட்டு இறக்கினார். வெந்தபின் உடனே வெளியே எடுத்தால் குளிர்காற்றுப் பட்டு விரிசல் கண்டது. ஆதலின் நெருப்பை அகற்றி, மெல்ல ஆறவிட்டு எடுத்தார். இத்துணைப் பாடங்களையும் அவருக்குக் கற்பித்த ஆசிரியர் எவரும் இலர். உடைந்த புட்டிகளே ஆசிரியர்.

எந்தப் பொருளை எவ்வளவு நேரம் கொதிக்கவைத்தல் வேண்டும் என்பதையும் அவர் ஒவ்வொன்றாகச் செய்து பார்த்தே அறிந்தார். மென்மையான பழங்களுக்குச் சிறிது நேரம் போதும், நீண்டால் குழைந்துவிடும். பசும்பட்டாணிக்கோ ஒன்றரை மணி நேரம் வேண்டும்; வெயில் கடுமையான ஆண்டில் விளைந்ததாயின் இரண்டு மணி நேரமும் வேண்டும். பருவத்தின் ஈரமும் வறட்சியும் காயின் தன்மையை மாற்றும் என்பதைத் தோட்டத்தில் நின்று கண்டவரே இவ்வாறு கணக்கிடுதல் கூடும்.

1802-ஆம் ஆண்டளவில் அவர் மாஸி என்னும் சிற்றூரில் நிலம் வாங்கித் தொழிற்சாலை அமைத்தார். அத்தொழிற்சாலையின் சிறப்பு அதனைச் சூழ்ந்திருந்த காய்கறித் தோட்டமேயாகும். பட்டாணியும் அவரையும் அங்கேயே பயிராயின. இதற்குக் காரணம் உண்டு. பட்டாணி கொடியில் இருக்கும்வரை இனிமை குன்றாது. பறித்த நேரம் முதல் அவ்வினிமை மாவாக மாறத் தொடங்கிவிடும். தொலைவிலிருந்து வண்டியேறி, சந்தையில் ஒரு பகல் கிடந்து, மறுநாள் கொப்பரைக்கு வரும் பட்டாணியைக் காத்தலால் பயன் என்ன? போன சுவையைப் புட்டி மீட்டுத் தராது. ஆதலின் பறித்தல், உரித்தல், அடைத்தல், கொதிக்கவைத்தல் என்னும் நான்கும் ஒரே நாளில், ஒரே இடத்தில், தடையின்றி நிகழுமாறு ஆப்பேர் ஒழுங்கு செய்தார். பருவம் வந்ததும் பெண்கள் பலர் அமர்ந்து பட்டாணி உரிப்பர். ஓர் அறையில் இறைச்சியும் சாறும் ஆக்கப்பெறும். மற்றோர் அறையில் பாலும் பாலேடும். மூன்றாம் அறையில் தக்கை அடித்தலும் கட்டுதலும் பையிலிடுதலும் நடைபெறும். நான்காம் அறையில் பெரிய செப்புக் கொப்பரைகள் மூன்று கொதித்துக்கொண்டிருக்கும். உழவும் அடுக்களையும் தொழிலும் ஒரே வேலிக்குள் கூடிய காட்சி அது.

அக்காலத்தில் பிரெஞ்சு நாடு ஓயாத போரில் ஈடுபட்டிருந்தது. திங்கட்கணக்கில் கடலில் உழலும் கப்பற்படையினர்க்கு உப்பிட்ட இறைச்சியும், கல்போன்ற ரொட்டியுமே உணவு. உப்பிறைச்சி அவர்களை வாட்டியது; பசுங்காயைக் காணாத அவர்களைச் சொறிகரப்பான் என்னும் நோய் வருத்தியது. ஆப்பேர் தம் புட்டிகளைக் கடற்படையினர்க்கு அனுப்பினார். 1803-இல் பிரெஸ்ட் துறைமுகத்தில் அவை சோதிக்கப்பெற்றன. மூன்று திங்களுக்குப் பின் திறந்தபொழுது இறைச்சிச் சாறு நன்றாக இருந்தது. பட்டாணியும் அவரையும் அப்பொழுதே பறித்தவை போன்ற புதுமையோடு இருந்தன என்று அதிகாரிகள் அறிக்கை விடுத்தனர். உணவின் சுவையை ஆராய்ந்து எழுதுவதில் பெயர் பெற்ற கிரிமோ என்னும் எழுத்தாளரும் ஆப்பேரின் பட்டாணியைப் பாராட்டி எழுதினார்.

பாராட்டு வந்தது, பணம் வரவில்லை. புட்டிகளுக்கும் தக்கைகளுக்கும் ஆன செலவு மிகுதி. விற்பனையோ செல்வர் சிலரோடு நின்றது. 1806-இல் பாரிசில் நடைபெற்ற பெரிய தொழிற் கண்காட்சியில் ஆப்பேர் தம் பொருள்களை வைத்தார். பரிசளிப்போர் அவரைத் திரும்பியும் பாரார் ஆயினர். 1809-இல் தொழில் வளர்ச்சிக் கழகத்தார் ஒரு குழுவை அமைத்து அவர் முறையை ஆராய்ந்தனர். உருளைக்கிழங்கைப் பிரெஞ்சு மக்கள் உண்ணுமாறு செய்த பார்மந்தியே அக்குழுவில் இருந்தார். குழுவினர் ஆப்பேரின் முறையை ஐயமின்றி ஏற்றனர்.

இதன் பின்னரே அரசின் பார்வை அவர்மேல் விழுந்தது. உள்நாட்டு அமைச்சர் அவர்முன் இரண்டு வழிகளை வைத்தார். ஒன்று, தம் முறைக்குக் காப்புரிமை பெற்றுக்கொள்ளுதல். அவ்வாறாயின் குறித்த ஆண்டுகள் வரை வேறு எவரும் அம்முறையைக் கையாள இயலாது. விரும்புவோர் அவருக்குப் பணம் செலுத்தியே கையாளவேண்டும். மற்றொன்று, 12,000 பிராங்கு பரிசு பெற்றுக்கொண்டு, மறைப்பின்றி முறை முழுவதையும் நூலாக எழுதித் தம் செலவில் அச்சிட்டு, 200 படிகளை அரசுக்கு அளித்தல். அதன் பின் அம்முறை யாவர்க்கும் பொதுவாகிவிடும்.

பதினைந்து ஆண்டுகள் உழைத்தவர். அறுபது வயதை எட்டியவர். தொழிலில் பெருஞ்செலவு செய்தவர். காப்புரிமையைக் கொண்டிருந்தால் அவரை எவரும் குறை கூறியிரார். ஆப்பேர் நூலைத் தேர்ந்தார். 12,000 பிராங்கு அன்று சிறுதொகை அன்று. ஆயினும் உலகளாவிய ஒரு தொழிலின் விலையாக அதனைக் கருதினால் அது மிகச் சிறிது. அத்தொகையையும் அவர் தொழிலிலேயே இட்டார். எல்லா உணவுப் பொருள்களையும் பல ஆண்டு காக்கும் கலை என்னும் அந்நூல் 1810-ஆம் ஆண்டு ஜூன் திங்களில் வெளிவந்தது. நூலின் நடை அறிஞரை நோக்கியதன்று. கொப்பரையின் அளவும், தக்கையை அறையும் விதமும், பட்டாணியைப் பறிக்கவேண்டிய பதமும் அதில் விளக்கப்பெற்றன. பின்வந்த பதிப்பிற்கு அவர் இட்ட தலைப்பு, எல்லாக் குடும்பங்களுக்கும் உரிய நூல் என்னும் பொருள் தருவது. அவர் உள்ளம் எவரை நோக்கியிருந்தது என்பதற்கு அத்தலைப்பே சான்று. அரசினர் படைகளை எண்ணிப் பரிசளித்தனர். ஆப்பேரோ அடுக்களைகளை எண்ணி எழுதினார்.

நூல் விரைவில் ஜெர்மன் மொழியிலும் ஆங்கிலத்திலும் பெயர்க்கப்பெற்றது. அதனினும் விரைவாக வேறொன்று நிகழ்ந்தது. நூல் வெளிவந்து மூன்று திங்கள் கழிவதற்குள், அதே ஆண்டு ஆகஸ்டுத் திங்கள் 25-ஆம் நாள், இலண்டனில் பீட்டர் டுராண்ட் என்னும் வணிகர் இதே முறைக்குக் காப்புரிமை பெற்றார். அயல்நாட்டு நண்பர் ஒருவர் தமக்குத் தெரிவித்த முறை என்று அப்பத்திரத்திலேயே அவர் குறிப்பிட்டிருந்தார். கண்ணாடியோடு, வெள்ளீயம் பூசிய இரும்புத் தகட்டுக் கலன்களையும் அவர் சேர்த்துக்கொண்டார். அக்காப்புரிமையைப் பிரயன் டாங்கின் என்னும் பொறியியல் வல்லுநரும் அவர் கூட்டாளிகளும் விலைக்கு வாங்கி, இலண்டனில் தொழிற்சாலை நிறுவினர். 1813-இல் ஆங்கிலக் கடற்படைக்குத் தகரப்பெட்டி உணவை அளிக்கத் தொடங்கினர். பிரெஞ்சுக் கடற்படையினரின் நலன் கருதிப் பரிசளிக்கப்பெற்ற முறை, அவர்தம் பகைவரின் கப்பல்களில் வேரூன்றியது. அப்பெட்டிகளை உளியும் சுத்தியலும் கொண்டே திறக்கவேண்டியிருந்தது. திறப்பதற்கென்று தனிக் கருவி தோன்ற இன்னும் நாற்பது ஆண்டுகளுக்கு மேல் ஆயின.

1814-இல் ஆப்பேர் இலண்டன் சென்றார். தாம் ஊருக்கெல்லாம் அளித்த முறை, அங்கே சிலருடைய தனியுடைமையாய், பெருந்தொழிலாய் நடப்பதைக் கண்டார். தகரப்பெட்டி உடையாது, எடை குறைந்தது, கப்பலுக்கு ஏற்றது என்பதையும் கண்டுகொண்டார். கண்டதைக் கற்றுக்கொள்ள அவர் நாணவில்லை. ஆனால் அந்த ஆண்டும் அதற்கடுத்த ஆண்டும் நெப்போலியனை வீழ்த்திய அயல்நாட்டுப் படைகள் பிரெஞ்சு நாட்டினுள் புகுந்தன. மாஸித் தொழிற்சாலை அப்படையெடுப்பில் பாழாயிற்று. பட்டாணிப் பாத்திகளும் செப்புக் கொப்பரைகளும் சூழ அவர் அமைத்த சிறு உலகம் அழிந்தது. ஆப்பேருக்கு அப்பொழுது வயது அறுபத்தைந்து.

பாரிசில், கண்ணற்றோர்க்கென அமைந்த பழைய மருத்துவமனைக் கட்டடத்தின் ஒரு பகுதியை வாடகையின்றிப் பயன்படுத்த அரசு அவருக்கு இடமளித்தது. அங்கே அவர் மீண்டும் தொடங்கினார். இம்முறை கண்ணாடியை விடுத்துத் தகரத்தைக் கையாண்டார். பெரிய பெரிய பெட்டிகளைச் செய்தார். எலும்பிலிருந்து பசைப்பொருளை எடுக்கும் முறையையும் செம்மையாக்கினார். மூடிய கலத்தில் நீராவியின் அழுத்தத்தால் கொதிநிலைக்கு மேற்பட்ட வெப்பத்தை உண்டாக்கி உணவை வேகவைக்கும் முறையையும் பயன்படுத்தினார். 1822-இல் தொழில் வளர்ச்சிக் கழகத்தார் அவருக்கு மனித குலத்தின் நன்மையாளர் என்னும் பட்டத்தை வழங்கினர். பட்டம் பெரிதாயிருந்தது, அதனால் அடுப்பு எரியவில்லை. 1827-இல் அரசு தான் அளித்த இடத்தையும் திரும்பப் பெற்றுக்கொண்டது. எழுபத்தேழு வயதில் அவர் தம் கொப்பரைகளோடு மீண்டும் வேறிடம் தேடிச் சென்றார். எண்பத்தாறு வயதுவரை உழைத்துவிட்டு, 1836-இல் மாஸிக்கே திரும்பினார். அங்கே 1841-ஆம் ஆண்டு ஜூன் முதல் நாள், தொண்ணூற்றொன்றாம் வயதில் உயிர் நீத்தார். தனிக்கல்லறை எழுப்பப் பொருள் இல்லாமையால் ஏழைகளுக்குரிய பொதுக்குழியில் அடக்கம் செய்யப்பெற்றார்.

உணவு ஏன் கெடாமல் இருந்தது என்பதை ஆப்பேர் இறுதிவரை அறியார். அவர் மட்டுமன்று, அக்காலத்து அறிஞரும் அறியார். புகழ்பெற்ற வேதியியல் அறிஞர் கே-லுசாக் புட்டிகளின் உள்ளிருந்த காற்றை ஆராய்ந்து, அதில் உயிர்வளி இல்லாமையைக் கண்டு, அதுவே காரணம் என்று முடிவு செய்தார். ஆப்பேரோ, தீயின் வெப்பமே கெடுக்கும் பொருளை அழிக்கிறது அல்லது அடக்குகிறது என்று கருதினார். இருவருள் உண்மைக்கு அண்மையில் நின்றவர் சமையற்காரரே. 1860-ஆம் ஆண்டை ஒட்டிய காலத்தில் லூயி பாஸ்டர், உணவைப் புளிக்கவும் அழுகவும் செய்பவை கண்ணுக்குப் புலனாகாத நுண்ணுயிர்கள் என்பதையும், வெப்பத்தால் அவை மடியும் என்பதையும் ஐயமற நிறுவினார்; தமக்கு முன்னே ஆப்பேர் செய்தவற்றையும் மறவாது குறிப்பிட்டார். ஆப்பேரின் தக்கை புதிய நுண்ணுயிர்களைத் தடுத்தது. கொப்பரை உள்ளிருந்தவற்றைக் கொன்றது. இவ்வளவே அம்முறையின் உட்பொருள்.

ஆனால் எல்லா நுண்ணுயிர்களும் கொதிநீரில் மடிவதில்லை. மண்ணில் வாழும் ஒருவகை நுண்ணுயிரின் வித்துகள் நூறு பாகை வெப்பத்தையும் தாங்கி நிற்கும். காற்றற்ற கலத்தினுள்ளே முளைத்து உயிர்க்கொல்லி நஞ்சை உண்டாக்கும். தக்காளி, பெரும்பாலான பழங்கள் முதலிய புளிப்புடைய பொருள்களில் அவை முளைப்பதில்லை. பட்டாணி, அவரை போன்ற புளிப்பற்ற காய்களில் முளைக்கும். ஆதலின் இத்தகைய காய்களை வெறுங் கொதிநீரில் இட்டுப் பாதுகாத்தல் தீங்காகும். அழுத்தக் கலத்தில் ஏறத்தாழ 116 பாகை வெப்பத்திற் காய்ச்சுதல் வேண்டும். 1917-ஆம் ஆண்டு முதல் அமெரிக்க வேளாண் துறையினர் இதனை மக்களுக்கு அறிவுறுத்தி வந்தனர். ஆப்பேர் தம் முதிய வயதிற் கையாண்ட நீராவிக் கலம், அவர் அறியாத இவ்விடருக்கும் மருந்தாக அமைந்தது வியப்பே.

தொழிற்சாலைகளின் வழியே மட்டுமன்றி, அவர் விரும்பியவாறு வீடுகளின் வழியேயும் இக்கலை பரவிற்று. 1858-இல் ஜான் மேசன் என்னும் அமெரிக்கர், வாயில் திருகுமரை அமைந்த கண்ணாடிப் புட்டிக்குக் காப்புரிமை பெற்றார். தக்கை, மீன்பசை, சாந்து, கம்பி ஆகியவற்றின் தொல்லை இதனால் நீங்கியது. திருகினால் மூடிக்கொள்ளும் புட்டி எளிய உழவர் வீடுகளையும் அடைந்தது. இரண்டாம் உலகப்போரின்போது, தொழிற்சாலைகளின் தகரப்பெட்டி உணவு படைவீரர்க்குச் சென்றமையால், வீட்டில் உள்ளோர் தம் காய்கறியைத் தாமே விளைவிக்கவேண்டும் என்று அமெரிக்க அரசு வேண்டிக்கொண்டது. 1943-ஆம் ஆண்டில் அங்கே ஏறத்தாழ 2 கோடி வீட்டுத் தோட்டங்கள் இருந்தன என்று மதிப்பிட்டனர். புல்வெளிகள் பாத்திகளாயின, நகரத்துச் சிறுவர் மண்வெட்டி பிடித்தனர். கோடை முடியும் நாட்களில் வீடுதோறும் அடுப்பின்மேல் பெரிய கொப்பரை ஏறியது. காலையில் கொல்லையிற் பறித்த தக்காளியைத் தோலுரித்துப் புட்டிகளில் இட்டு, மேலே சிறிது இடம் விட்டு மூடி, கொதிநீரில் இறக்கிவிட்டு, தாய்மார்கள் கடிகாரத்தைப் பார்த்தவாறு நின்றனர். எடுத்து ஆறவைத்த புட்டிகளின் மூடிகள் ஒவ்வொன்றாகச் சிற்றொலி எழுப்பி உள்நோக்கி இறுகுவதைக் குழந்தைகள் எண்ணிக்கொண்டிருந்தனர்.